கொன்றையா, இலுப்பையா?

வீடு கட்டப் புகுவோன் ஆசாரியாரை அழைத்து நிலையம் எடுப்பிக்கிறான். சோதிடரிடம் நாள் கேட்கிறான். கிணறு எந்த மூலையில் அமைய வேண்டும், படலை எத்திசை நோக்க வேண்டும், அடுக்களைப் புகை எப்பக்கம் போக வேண்டும் என்று பத்துப் பேரோடு ஆலோசனை கலக்கிறான். இத்தனையும் முடிந்து குடிபுகுந்த பின், முற்றத்தில் என்ன மரம் வைப்பது என்ற வினா எழும்போது மாத்திரம் அவன் எவரையும் கேட்பதில்லை. நாற்று விற்குமிடத்தில் அன்றைக்கு எது பூத்து நின்றதோ அது வளவுக்கு வந்து சேருகிறது. சீமெந்தும் கம்பியுங் கொண்டு கட்டிய வீட்டின் ஆயுள் ஐம்பது, அறுபது ஆண்டு. நல்ல மரமொன்றின் ஆயுளோ அதனினும் நீண்டது. நெடுநாள் நிற்கப்போகும் பொருளை மிகக் குறைந்த சிந்தனையோடு தேர்ந்துகொள்வது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

இன்றைய யாழ்ப்பாணத்திலே இவ்வினா அழகுணர்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள், 2009 இல் போர் முடிந்தபின், பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட தங்கள் காணிகளுக்குத் திரும்பியபோது, அங்கே வீட்டைக் காணாதோர் பலர். சிலர் கண்டது பற்றைக்காடு. சிலர் கண்டது மட்டமாக்கப்பட்ட வெறுந்தரை. எல்லைக்கல்லும் வேலியும் மறைந்த இடத்தில், நின்ற கிணற்றையும் எஞ்சிய மரத்தையும் அடையாளமாகக் கொண்டே பலர் தங்கள் நிலத்தை இனங்கண்டனர். காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் கதை வேறு. அதைச் சொல்லத் தொடங்கினால் இக்கட்டுரை வேறு திசையிற் போய்விடும். புது வீடுகள் எழுந்தன. வேலி நின்ற இடங்களில் மதில்கள் எழுந்தன. மதிலுக்குள்ளே நிழல் மட்டும் எழவில்லை. ஒரு நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றத்து மரத்தைத் தேர்ந்துகொள்ளும் நிலை ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட வாய்ப்பதரிது. நமக்கு அது வாய்த்திருக்கிறது. வாய்த்த வழி துன்பமானது. ஆயினும் தேர்வு நம் கையில் இருக்கிறது.

தேர்வு என்றதும் வேம்பை முதலில் விலக்கிவிடுகிறேன். வேம்பின் மீது எனக்கு வழக்கொன்றுமில்லை. வேப்பம்பூ வடகம் உண்டு வளர்ந்தவன் வேம்பைப் பழிப்பானா? ஆனால் எங்கள் வளவிலே வேம்பு தேர்வுக்குரிய பொருளன்று. காகமும் குயிலும் பழத்தைத் தின்று போட்ட கொட்டை வேலியோரத்தில் தானே முளைக்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதைப் பிடுங்காமல் விடுவதுதான். மனிதன் நினைத்து, இடம் பார்த்து, குழி தோண்டி வைக்க வேண்டிய மரங்களைப் பற்றியே இங்குப் பேச்சு. அவ்வகையில் இரண்டு மரங்களை நம் முற்றத்துக்கு ஏற்றவையாகக் கருதுகிறேன். ஒன்று கொன்றை; மற்றையது இலுப்பை. இரண்டும் இந்நாட்டு வறண்ட வலயத்துக்கு உரியவை. இரண்டும் ஆண்டுக்கொருமுறை இலையுதிர்ப்பவை. சிங்கள மக்கள் முன்னதை எஹெல என்றும் பின்னதை மீ என்றும் வழங்குவர். அவர்களும் இவ்விரண்டையும் நம்மைப் போலவே நெடுங்காலமாக அறிந்தவர்கள்.

கொன்றை என்று நான் சொல்வது சரக்கொன்றையை. பெயரில் இன்று பெருங்குழப்பம் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்து, வைகாசியிலே செந்தீப்போற் பூக்கும் மரத்துக்கும் கொன்றை என்றே பெயரிட்டுவிட்டார்கள். மஞ்சட்பூப் பூக்கும் வேறு நாலைந்து மரங்களும் அப்பெயராலேயே விலைபோகின்றன. சரம் சரமாகப் பொன்னிறப் பூக்கொத்துத் தலைகீழாகத் தொங்க வேண்டும், பின்பு முழநீளக் கருங்குழல் போன்ற காய் தொங்க வேண்டும், அதுதான் கொன்றை. 1753 இல் அதற்குத் தாவரவியற் பெயரிட்ட லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டறிஞரும் அந்தக் காயைப் பார்த்தே, குழல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பெயரிற் சேர்த்தார்.

கொன்றைக்கு நம் மனத்தில் உள்ள இடம் சாதாரணமானதன்று. சிவபெருமான் சூடும் மலர் அது. ஏடு தொடக்கிய பிள்ளை முதலிற் கற்கும் இரு நூல்களாகிய ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அவன் அணியும் ஆத்தியாலும் கொன்றையாலும் பெயர் பெற்றவை. ஆனால் அந்நூல்களைப் படிக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஆத்தியைக் கண்டிருக்கிறார்கள்? கொன்றையையாவது காட்ட முடியும். நட்ட ஐந்தாறு ஆண்டுகளிற் பூக்கத் தொடங்கிவிடும். முப்பது முதல் ஐம்பது அடி உயரத்துக்கு மேற் பெரும்பாலும் வளராது. சிறிய வளவுக்கு அடங்கிய மரம். சித்திரையில் ஒருநாட் காலை படலையைத் திறக்கும்போது இலையே தெரியாமல் மரம் முழுதும் பொன்னாக நிற்பதைப் பார்த்தவன் அதனை எளிதில் மறக்கமாட்டான். அதன் இலையிலே மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழுக்கள் இலையைத் தின்னும். சிலர் இதனைக் குறையென்பர். சில இலைகளைக் கொடுத்து வண்ணத்துப்பூச்சிகளை வாங்குவது நட்டமான வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கொன்றை கார்காலத்து மலர், முல்லைத்திணைக்குரியது என்று நாம் வகுப்பிற் கற்பிக்கிறோம். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்று இலக்கணஞ் சொல்லுகிறோம். பாடம் முடிந்து வெளியே போகும் மாணவன் காண்பதோ, சித்திரையிலும் வைகாசியிலும் பூத்துக் கொட்டி, ஆவணியிலே காயோடு நிற்கும் கொன்றையை. சில மரங்கள் பிந்திய மாதங்களிற் சிறிது பூப்பதுண்டு. ஆனால் பெரும்பூப்பு சித்திரைச் சிறுமாரியை ஒட்டியதே. பாட்டிற் கண்ட கொன்றைக்கும் முற்றத்துக் கொன்றைக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைப் பற்றி ஒரு மாணவன் எழுந்து கேட்டால் அதுவே அந்த ஆண்டின் மிகச் சிறந்த இலக்கியக் கேள்வியாகும். கேட்பதற்கு முதலில் மரம் அங்கே நிற்க வேண்டுமே. ஒவ்வொரு பாடசாலை வளவிலும் ஒரு கொன்றை நிற்க வேண்டுமென்று நான் வாதிடுவதற்கு இது ஒன்றே போதும்.

பாடசாலைக்குச் சரி. வீட்டுக்கு?

வீட்டு முற்றத்து மரத்தின் முதற்றொழில் நிழல். இலையுதிர்க்கும் மரத்தைத் தேர்வோன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது எந்த மாதத்தில் மொட்டையாக நிற்கும் என்பதே. குளிர் நாட்டான் இக்கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே மரம் பனிக்காலத்தில் இலையை இழக்கும். அப்போது வெயில் வீட்டுக்குள் வருவது அவனுக்கு வேண்டியதே. கோடையில் தழைத்து நிழல் தரும். அந்நாட்டு வீட்டுத்தோட்ட நூல்களெல்லாம் இலையுதிர் மரத்தைப் போற்றுவதன் காரணம் இதுதான். நமது நிலை நேர்மாறானது. நம் மரங்கள் இலையுதிர்ப்பது குளிருக்கு அஞ்சியன்று, வறட்சிக்கு அஞ்சி. மாரி மழை ஓய்ந்து, மண் காயத் தொடங்கி, வெயில் ஏறுங் காலத்திலேயே அவை ஆடை களைகின்றன. நிழல் எப்போது வேண்டுமோ அப்போதே நிழல் போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே ஒரு மாத முன்பின்னும் இங்கே பெரிய வேறுபாடாகும்.

இலுப்பை மாசியளவில் இலையைக் கொட்டும். பங்குனிக்குள் கிளை நுனிகளிலே பூவும், செம்பு நிறத் தளிரும் தோன்றிவிடும். சித்திரைப் புழுக்கம் உச்சத்துக்கு வரும்போது தளிர் முற்றிப் பச்சையாகி, கீழே ஆள் படுத்துறங்கத்தக்க அடர்ந்த நிழல் இருக்கும். வைகாசியில் சோளகக் காற்று எழுந்து, செம்பாட்டு மண்ணை வாரி வீசத் தொடங்கும்போது அந்த மரம் முழுத் தழையோடு நின்று காற்றை வாங்கிக்கொள்ளும். கொன்றையின் கணக்கு வேறு. சித்திரை வைகாசியில் அதனிடம் உள்ளது பூ, இலை குறைவு. பூங்கொத்தினூடே வெயில் பொழியும். பார்ப்பதற்கு அதைப்போல் ஒன்றில்லை. கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பதற்கு அது போதாது. நன்றாக இலை கொண்டபின்னும் கொன்றையின் நிழல் மெல்லியது. கண்ணுக்கு விருந்து வைக்கும் மரத்தையும் தலைக்குக் குடை பிடிக்கும் மரத்தையும் ஒன்றென மயங்கி, மேற்குச் சுவரருகே கொன்றையை வைத்துவிட்டு, சித்திரையிலே மின்விசிறியைத் தேடுவோர் பலர்.

இலுப்பை வெறும் நிழல்மரம் மாத்திரமன்று. ஒரு காலத்தில் அது வீட்டின் எண்ணெய்க்கடை. அதன் பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய். கோவில் விளக்கு அந்த எண்ணெயில் எரிந்தது. பிழிந்து எஞ்சிய பிண்ணாக்கை அரப்பாக்கித் தலைமுழுகினார்கள். அதிலுள்ள நுரைக்குஞ் சத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும். பூவோ சர்க்கரை நிறைந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்ற பழமொழியை நாம் இகழ்ச்சியாகப் பயன்படுத்துகிறோம். இல்லாத ஊருக்கு இனிப்புக் கொடுத்த மரத்தை நன்றியின்றிப் பேசும் பழமொழியாகவே அது எனக்குப் படுகிறது. மதூகம் என்ற வடமொழிப் பெயரும், அதன்வழி வந்த தாவரவியற் பெயரும் அந்த இனிமையையே குறிக்கின்றன. சங்கப் பாடல்களில் இருப்பை என வருவதும் இதுவே. பாலைநில வழியிலே உதிர்ந்து கிடக்கும் அதன் வெண்பூவைக் கரடி விரும்பியுண்ணும் காட்சியைப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். மன்னாரில் இலுப்பைக்கடவை; மட்டக்களப்பில் இலுப்பையடிச்சேனை; வவுனியா நகரில் இலுப்பையடி. குளங்களுக்கும் இப்பெயர் உண்டு. ஒரு மரத்தடி ஊராரின் கூடுமிடமாகவும் வண்டிக்காரனின் தங்குமிடமாகவும் பல தலைமுறை இருந்தாலன்றி அது ஊர்ப்பெயராவதில்லை. கொன்றையின் பேரால் அமைந்த இடப்பெயர் இவ்வளவு விரைவில் நாவுக்கு வருவதில்லை. கொன்றையை நாம் பாட்டிலே வைத்தோம். இலுப்பையை வழியிலே வைத்தோம்.

இலுப்பைக்கு எதிராகச் சொல்லப்படுவனவும் பொய்யல்ல. அது மெல்ல வளரும். காய்ப்பதற்குப் பத்தாண்டளவாவது செல்லும். முழு மரமாக நிற்பதைக் காண நட்டவன் இருப்பானோ மாட்டானோ. பூக்காலத்தில் இரவு முழுதும் பழந்தின்னி வௌவால்கள் வந்து கலகஞ் செய்யும். பூவின் மணமும் எல்லோருக்கும் உவப்பானதன்று. விடியலில் முற்றம் முழுதும் பூ வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது பெருமரம். ஐம்பது, அறுபது அடிக்கு உயர்ந்து அதற்கேற்ப அகன்றும் நிற்கும். வேர் பலமானது, செம்பாட்டு மண் ஆழமின்றிச் சுண்ணக்கல்லின் மேற் படிந்துள்ள நம் நிலத்திலே, கிணற்றுக்கும் அத்திவாரத்துக்கும் அண்மையில் இதனை வைப்பது அறிவுடைமையாகாது.

நிலத்தின் அளவைச் சொல்லாமல் மரத்தைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பாட்டனுக்கு எட்டுப் பரப்பாக இருந்த வளவு, பெண்களுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பேரனிடம் ஒன்றரைப் பரப்பாகவும் இரண்டு பரப்பாகவும் வந்து நிற்கிறது. அதில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, வாகனக்கொட்டில் எல்லாம் போக எஞ்சுவது ஒரு முற்றம் அல்ல, ஒரு மூலை. அந்த மூலையிலே இலுப்பையை வைத்துவிட்டு இருபது ஆண்டு கழித்துப் பக்கத்து வீட்டாரோடு கிளை வழக்குப் பேசுவது யாருக்கும் நன்மை தராது. இரண்டு பரப்புக்காரருக்கு என் விடை ஐயமின்றிக் கொன்றைதான். படலைக்கு உட்புறம், மதிலிலிருந்து பதினைந்தடி தள்ளி வையுங்கள், அதனிடம் நிழலை எதிர்பாராதீர்கள், மகிழ்ச்சியை எதிர்பாருங்கள்.

நான்கு பரப்பும் அதற்கு மேலும் உடையவர்களோடுதான் எனக்கு வழக்கு. இவர்களும் கொன்றையைத்தான் கேட்கிறார்கள். அல்லது இரண்டையும் வேண்டாமென்று, இலையே கொட்டாத மரமொன்று சொல்லுங்கள் என்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பரொருவரே அண்மையில் என்னிடம் அப்படிக் கேட்டார். இலை கொட்டாத மரம் உலகில் இல்லை. என்றும் பசுமையாகத் தோன்றும் மாவும் பலாவும் ஆண்டு முழுவதும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. இலையுதிர் மரம் ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம் சேர்த்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விளக்குமாறு பிடிப்பவரைக் கேட்டுப் பார்த்தால் எது இலகு என்று சொல்வார். கேட்கப்படாத ஆள் அவர்தான். முற்றத்தைக் கூட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மரத்தைத் தேர்வது பெரும்பாலும் ஆண்கள். இந்த ஒழுங்கு மாறினால் மரத்தேர்வும் திருந்துமென்று நினைக்கிறேன்.

உதிர்ந்த இலையைக் கஞ்சல் என்று ஒதுக்கி நெருப்பு வைக்கும் பழக்கம் நம் முன்னோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பூவரசங்குழையையும் பனையோலையையும் விலை கொடுத்து வாங்கி, வண்டி கட்டி ஏற்றி வந்து, தோட்டத்திலே தாழ்த்தியவர்கள் அவர்கள். குழை தாழ்த்திய மண்ணிலே புகையிலையும் மிளகாயும் விளைந்தன. அவர்கள் வழிவந்த நாம் மாசி மாதத்தில் இலவசமாக விழும் சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம்; பிறகு பசளைக் கடைக்குப் போகிறோம். சருகு விழக்கூடாதென்று முற்றம் முழுதும் சீமெந்துக் கல் பதிப்போர் இன்னுமொரு படி மேலே போய்விட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில், வழுக்கையாறு என்னும் மழைக்கால ஓடையைத் தவிர, ஆறில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையே. அந்த நீர் மண்வழி இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குவதே நம் கிணற்று நீர். கல் பதித்த முற்றத்தில் விழும் மழை தெருவுக்கு ஓடுகிறது. தெருவெள்ளம் என்று மாரியில் முறைப்படுவோரும், கிணறு உவர்த்துவிட்டது என்று ஆவணியில் முறைப்படுவோரும் பல வீடுகளில் ஒரே ஆட்கள்தாம். மரத்தைச் சுற்றிப் பத்தடியாவது மண்ணாக விடப்படுமென்றால், அந்த மரம் எதுவாயினும் எனக்குப் பாதி உடன்பாடு.

மறுபாதி இலுப்பைக்கு உரியது. அதற்குக் காரணம் நிழலும் எண்ணெயும் மாத்திரமல்ல.

முல்லைத்திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலந் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் போன தலைவனை எதிர்பார்த்துத் தலைவி மனையிலே ஆற்றியிருக்கிறாள். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. குறுந்தொகையிலே ஒரு தோழி, இது கார்காலமன்று, பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கி இந்தக் கொன்றை அறியாமையாற் பூத்துவிட்டது என்று சொல்லித் தலைவியைத் தேற்றுகிறாள். எத்தனை ஆண்டுகளாக இப்பாட்டை நாம் நயமென்று விளக்கி வந்திருக்கிறோம்! இன்று யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடக்கும்போது அது நயமாக மட்டும் தோன்றுவதில்லை. இரண்டு மாடியும் உயர்ந்த இரும்புப் படலையுமாகக் கட்டி, ஆண்டிற் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! கட்டியவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். முதிய தாயொருத்தி கீழறையில் இருக்கிறாள். அல்லது காவலுக்கு வைத்த ஒருவர் இருக்கிறார். சித்திரையிலே முற்றத்துக் கொன்றை பூக்கிறது. அதன் படம் கைப்பேசி வழியே கடல் கடந்து போகிறது. அங்கே மகிழ்கிறார்கள்; அந்த மகிழ்ச்சி உண்மையானதே, அதை இகழ்வதற்கு எனக்கு உரிமையில்லை. போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்களல்லர். ஆயினும் விடுமுறைக்கு வந்து பார்ப்பதற்கென்றே ஒரு முற்றம் அமையத் தொடங்கும்போது அம்முற்றத்துக்குப் பூ போதும்; நிழல் வேண்டியதில்லை. கொன்றையை மட்டுமே நாடும் இன்றைய மோகத்துள் இந்த எண்ணம், நாமறியாமலே, ஒளிந்திருக்கிறதென்று ஐயுறுகிறேன்.

இலுப்பை வேறு வகை. பிரிந்து போகும் வழியிலே பாடப்பட்ட மரம் அது. ஆனால் வளவிலே அதனை வைப்பவன் போகாதவன், அல்லது தனக்குப்பின் இங்கே ஒருவர் இருப்பார் என்று நம்புகிறவன். ஐந்தாண்டிற் படமெடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. இன்று நட்டால் 2060 இலே அது மரம். அப்போது இந்த வளவு யாருடையது, எத்தனை துண்டு, யார் அடியில் உட்காருவார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. தெரியாமலே வைக்கத்தான் வேண்டும். நாம் இன்று நிழல் வாங்கும் கோவில் வீதி இலுப்பைகளை வைத்தவர்களுக்கும் நம் முகம் தெரியாது. அவை ஒவ்வொன்றாக முதிர்ந்து விழுகின்றன. மண்டபத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்குமாகத் தறிக்கப்படுவனவும் உண்டு. அவற்றினிடத்தில் இலுப்பைக் கன்று வைக்கப்படுவதை அரிதாகவே காண்கிறோம். கொன்றைக்கு இன்று ஆதரவாளர் பலர். அதை இந்த ஆண்டு வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் வைப்பார். ஐந்தாண்டிற் குறை நிரம்பிவிடும். இலுப்பையிலே ஒரு தலைமுறை தவறினால் அந்த இடைவெளியை எந்தப் பணமும் நிரப்பாது.

ஆகவே என் தீர்ப்பு இது. நான்கு பரப்புக்குக் குறையாத வளவில் ஒரே பெருமரத்துக்கு இடமுண்டென்றால், மேற்கு அல்லது தென்மேற்கு மூலையில், வீட்டுக்கும் கிணற்றுக்கும் நாற்பதடி தள்ளி, இலுப்பை. சகோதரர் வளவுகள் அடுத்தடுத்து இருந்தால் எல்லைக்கு அண்மையில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அதைவிடச் சிறிய வளவென்றால் கொன்றை; அவ்வீட்டுக்காரர் தம் இலுப்பையைக் கோவில் வீதியிலோ, பாடசாலை விளையாட்டிடத்தின் ஓரத்திலோ, வாசிகசாலை முன்றிலிலோ வைக்கட்டும். பரிபாலன சபையாரிடமும் அதிபரிடமும் கேட்டு வைக்க வேண்டும் என்பது உண்மை. மறுப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். இரண்டுக்கும் இடமுள்ள பெருவளவுக்காரரோ என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டியதேயில்லை. அவர் இரண்டையும் வைத்துவிட்டு எங்களையும் ஒருமுறை அழைக்கட்டும்.

வித்து விஷயத்திலும் இவ்விரு மரங்களும் வேறுபட்டவை. கொன்றை வித்துக் காயின் உள்ளே, தனித்தனி அறைகளில், கடினமான தோலோடு இருக்கும். ஒரு காயைப் பறித்து மேசை லாச்சிக்குள் ஓரிரு ஆண்டு மறந்து வைத்திருந்தாலும் பாதகமில்லை. கல்லிலே சிறிது உரைத்தோ, சுடுநீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்தோ போட்டால் முளைக்கும். இலுப்பை வித்துக்கு அத்தகைய பொறுமை கிடையாது. எண்ணெய்ச் செறிவுள்ள வித்தாதலால் சில வாரங்களிலேயே முளைதிறன் போய்விடும். தைப்பொங்கலுக்கு நடலாமென்று எடுத்து வைத்தால் அது விளக்கெண்ணெய்க்குத்தான் உதவும். பழம் விழுவது ஆனி, ஆடி மாதங்களில். வௌவால் தின்று போட்ட கொட்டையாயினும் குற்றமில்லை. பொறுக்கி ஒரு வாரத்துக்குள் நடவேண்டும். ஆணிவேர் நீளமாக இறங்குவதால் சிறிய பையில் வளர்த்து இடம் மாற்றுவதைவிட, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று வித்தாக ஊன்றி, முளைத்தபின் வலியதொன்றை விடுவதே நன்று. ஆட்டுக்கு எட்டாதபடி சுற்றிவரப் பனையோலையால் ஒரு கூடு கட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் மாலையில் ஒரு வாளித் தண்ணீர். அதன்பின் அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.